வாசலுக்கு வாசல்

போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டால் எங்கள் ஊரில் யாரும் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். ரெண்டு மணி நேரம், மிஞ்சிப் போனால் ரெண்டேகால். ஊருக்கு இப்போது வேறு பெயர் வைத்தாயிற்று, என் வாயில் பழசுதான் வருகிறது. ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், நடுவில் கடலைத் தவிர ஒன்றும் கிடையாது. இந்தக் கேள்விக்கு அப்படி நேராகப் பதில் சொல்லாத ஒரே ஒரு மனிதரைத்தான் எனக்குத் தெரியும். லம்பா லைனில், விமான நிலையத்துக்குப் போகிற சாலையை ஒட்டி டிக்கெட் கடை வைத்திருந்தார். கேட்டால் அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்பார்.

"யாரு வீட்டுக்குப் போவணும்?"

"வீட்டுக்குன்னு இல்ல அண்ணாச்சி, சென்னைக்கு."

"சென்னையில ஏர்போர்ட்டுலயா படுக்கப் போறீரு? ஏதாவது ஒரு வீட்டுக்குத்தான போவீரு? அந்த வீட்டைச் சொல்லும்."

வேளச்சேரி, மூன்றாவது மாடி என்று சொன்னால்தான் கணக்கு ஆரம்பமாகும். இங்கே வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்பதிலிருந்து தொடங்குவார். ஆட்டோ, வரிசை, செக்யூரிட்டி, காத்திருப்பு, பிறகு அந்த ரெண்டேகால் மணி நேரம், இறங்கினால் பெட்டி வருகிற பெல்ட், டாக்சிக்காரனோடு பேசுவது, கிண்டியில் நிற்பது, லிஃப்ட் வேலை செய்யாவிட்டால் மூன்று மாடி ஏறுவது. "ஏழு மணி அம்பது நிமிசம்" என்று முடிப்பார். ரெண்டு மணி நேரம் என்று கேட்டு வந்தவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

"ஏர்போர்ட்டுக்கும் ஏர்போர்ட்டுக்கும் நடுவுல எவன்வே குடியிருக்கான்? வாசலுக்கு வாசல் எவ்வளவு, அதுதான்வே தூரம்" என்பார்.

எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான். வங்காளிகளும் மலையாளிகளும்கூட அப்படியே கூப்பிட்டார்கள். பெயர் என்ன என்று நான் கேட்டதில்லை. பதினான்கு வருடம் ஒரே தெருவில் இருந்துவிட்டுப் பெயர் தெரியாது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் தெரியாது. கடைப் பலகையிலும் மூன்று மொழியில் டிக்கெட் என்று மட்டும் எழுதியிருந்தது. கடை சின்னது. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் சாலையில் நிற்க வேண்டும். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கைவைத்த பனியனும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக, கவுண்டருக்குப் பின்னால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஆள் மாதிரி நின்றுகொண்டிருப்பார்.

திருநெல்வேலிக்குத் தெற்கே ஏதோ ஊர். சாத்தம் மரமில்லில் கொஞ்ச நாள் வேலை பார்த்தார் என்பார்கள். பிறகு ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் தீவுகளுக்குப் போகிற கப்பல்களின் டிக்கெட் ஜன்னலில் பல வருடம் இருந்தார். தெற்குக் கோடியில் இருக்கிற காம்ப்பெல் பே எப்போது போய்ச் சேருவோம் என்று கேட்டவர்களுக்கு, "கப்பல் எப்ப போகும்னு போர்டுல இருக்கு. நீரு எப்ப வீட்டுக்குப் போவீருன்னு நான் சொல்லுதேன்" என்று அங்கேயே தொடங்கிவிட்டாராம். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் கத்துவார்களாம்.

அவருடைய கணக்குக்கு ஆதாரம் ஊகம் இல்லை. அவரிடம் டிக்கெட் எடுத்து மெயின்லாண்ட் போய் வந்தவர்கள் எல்லாரும் திரும்பியதும் மணி சொல்ல வேண்டும். எத்தனை மணிக்கு இங்கே வாசலை விட்டீர்கள், எத்தனை மணிக்கு அங்கே வாசலில் கால் வைத்தீர்கள், நடுவில் எங்கே நின்றது. அதைக் கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி, ஊர் வாரியாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார். மதுரைக் கட்டு தடிமன். திருச்சிக் கட்டு அதைவிட. சேலத்துக்கு நாலே தாள்தான் இருந்தது, அதனால் சேலத்துக்காரர்களைக் கண்டால் அவருக்கு ஒரு தனி ஆசை.

அப்போது தீவில் இன்டர்நெட் என்பது வந்தால் உண்டு. ஒரு டிக்கெட் போடத் திரை சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் அவர் கணக்குப் போட்டுச் சொல்லி ஆளைப் பயமுறுத்திவிடுவார். என் மனைவி கைக்குழந்தையோடு முதல் தடவை ஊருக்குக் கிளம்பியபோது, குழந்தை எத்தனை தடவை பால் குடிக்கும், எந்த இடத்தில் அழும் என்பதுவரை சொன்னார். அவள் வீட்டுக்கு வந்து "நான் போகலை" என்று உட்கார்ந்துவிட்டாள். நான் போய்ச் சண்டை போட்டேன். அவர் மனைவி, எங்களுக்கு மதினி, உள்ளிருந்து எனக்காகச் சத்தம் கொடுத்தார்.

"நீங்க டிக்கெட்டு விக்கியளா, இல்ல வாரவங்களை விரட்டுதியளா?"

"பொய் சொல்லி விக்கச் சொல்லுதியா?" என்றார் அவர். குரல் உயரவில்லை. எப்போதும் உயராது, அதுதான் எரிச்சலே.

எங்கள் தெருவில் ரிட்டயரான வங்காளி டீச்சர் ஒருவர் இருந்தார். அவர் மகள் டொராண்டோவில். ஒருநாள் டீச்சர் போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். மகள் ஏதோ இணையப் பக்கத்தை அனுப்பியிருந்தாள். இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் நடுவில் எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று காட்டும் பக்கம். பதிமூவாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர், பதினாறு மணிச் சொச்சம் என்று போட்டிருந்தது. பதினாறு மணி நேரம்தானே, தனியாகவே போய்விடலாம் என்று டீச்சருக்குத் தைரியம் வந்திருந்தது.

அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அந்தப் படத்தைப் பார்த்தார். பூமியின் மேல் ஒரு வளைகோடு போட்டிருந்தது.

"சீதா கோயி நஹி ஜாதா, தீதி" என்றார். நேராக யாரும் போவதில்லை, அக்கா.

பிறகு கல்கத்தா, டெல்லி, அங்கே எட்டு மணி நேர உட்காரல், பிறகு பெரிய விமானம், இமிக்ரேஷன், மகள் வீட்டுக் கார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முப்பத்தெட்டு மணி நேரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நான் அங்கேதான் இருந்தேன், இந்த மனுஷனுக்கு ஒரு ஈவிரக்கம் கிடையாதா என்று நினைத்தேன். ஆனால் அவர் அதோடு விடவில்லை. ஒரு தாளை எடுத்து, எத்தனையாவது மணியில் எங்கே இருப்பார், எப்போது பிரஷர் மாத்திரை, எப்போது சர்க்கரை மாத்திரை, எங்கே தூங்கலாம், எங்கே தூங்கக் கூடாது என்று இந்தியில் எழுதிக் கொடுத்தார். கையெழுத்து படு கேவலம். டீச்சர் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார். ஆறு மாதம் கழித்துத் திரும்பியதும் வீட்டுக்குப் போகாமல் பெட்டியோடு கடைக்கு வந்து, "சாலீஸ், தாதா" என்றார். நாற்பது மணி, அண்ணா. டெல்லியில் சக்கர நாற்காலி தள்ள ஆள் வர இரண்டு மணி நேரம் ஆகிவிட்டதாம். அதிலிருந்து வயதானவர்கள் யார் வந்தாலும் அண்ணாச்சி முதலில் சக்கர நாற்காலி உண்டா என்று கேட்டு இரண்டு மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டார்.

இதெல்லாம் சும்மா. அவர் கணக்கு உண்மையில் தேவைப்பட்டது வேறொரு காரியத்துக்கு.

ஊரில் சாவு விழுந்தால் எங்களுக்கு இரண்டு போன் வரும். முதல் போனில் அழுகை. அரை மணி நேரத்தில் இரண்டாவது. அதில் அழுகை இருக்காது, கேள்விதான் இருக்கும். எடுத்துரவா, வைக்கவா? அந்த இரண்டு போனுக்கும் நடுவில் நாங்கள் அண்ணாச்சி வீட்டு வாசலில் நிற்போம். கடைக்குப் பின்னாலேயே வீடு. தமிழ் ஆட்கள் மட்டும் இல்லை, தெலுங்குக்காரர்களும் வருவார்கள். அவர் மூன்று கேள்வி கேட்பார். வீடு எங்கே? ஃப்ரீசர் பெட்டி வந்துவிட்டதா? உங்களைத் தவிர வேறு யாருக்காவது காத்திருக்கிறார்களா? பிறகு கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டு ஒரு மணி சொல்வார். சாயங்காலம், பொழுது சாய, ராத்திரிக்குள் என்று எதுவும் அவர் வாயில் வராது. "சாயங்காலம்னா எத்தனை மணி?" என்று மற்றவர்களைத்தான் கேட்பார். எடுக்கச் சொல்வதோ வைக்கச் சொல்வதோ அவர் வேலை இல்லை. "எனக்கு மணிதான் தெரியும். முடிவு உங்க வீட்டாளுங்க எடுக்கணும்."

ஒருமுறை தஞ்சாவூர்ப் பக்கத்துக் கான்ட்ராக்டர் ஒருவர் இவர் சொன்னதைக் கேட்காமல், ரெண்டு மணி நேரம்தானே, மத்தியானம் வந்துவிடுகிறேன் என்று ஊருக்குச் சொல்லிவிட்டார். அன்றைக்கு மௌசம் கராப், மழையும் காற்றும். வந்த விமானம் போர்ட் பிளேருக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்காமல் திரும்பிப் போனது. அங்கே பந்தலில் ஊரே காத்திருந்தது, மேளக்காரர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள், அவர் மறுநாள்தான் போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு மெயின்லாண்டில் இருக்கும் சொந்தக்காரர்களே "அந்த லம்பா லைன்காரரு என்ன மணி சொல்லுதாரு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவ்வளவு நம்பிக்கை.

என் அப்பா ஒரு கார்த்திகை மாதம் இறந்தார். கோவில்பட்டி தாண்டி எங்கள் ஊர். ஐந்து மாதமாகப் படுக்கை, சிறுநீரகம் இரண்டும் போய் உடம்பு வீங்கியிருந்தது. விடிகாலை நாலரைக்கு உயிர் போனதாக ஐந்து மணிக்குச் சித்தப்பா போன் செய்தார். நான் ஒரே மகன். எனக்குக் கீழே தங்கச்சி ஒருத்தி, உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தது, அவள்தான் அந்த ஐந்து மாதமும் அப்பாவுக்கு எல்லாம் செய்தாள். ஒவ்வொரு வாரமும் போனில் "எப்பண்ணே வார?" என்று கேட்பாள். லீவு போட்டிருக்கிறேன் என்பேன். அடுத்த வாரம் கிளம்ப டிக்கெட்டும் எடுத்திருந்தேன்.

அண்ணாச்சி வீட்டுக்குப் போனபோது கிழக்கே வெளுத்துவிட்டிருந்தது. அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விஷயம் புரிந்து வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். மூன்று கேள்வியையும் கேட்டார். ஃப்ரீசர் பெட்டி பக்கத்து ஊர்ச் சாவுக்குப் போயிருக்கிறது, கிடைக்காது. எனக்காக மட்டும்தான் காத்திருக்கிறார்கள். அவர் கண்ணை மூடினார்.

"எட்டு அம்பதுக்குப் பிளேன். சீட்டு இருக்கு, நான் பாத்துக்கிடுதேன். சென்னையில பதினொண்ணு அஞ்சு. ஒண்ணு பத்துக்கு மதுரைக்கு இருக்கு. வெளிய வரும்போது ரெண்டே முக்கா. காரு. உங்க வீட்டு வாசல்ல நாலு அம்பது, மக்கா."

அப்போது சித்தப்பாவின் இரண்டாவது போன் வந்தது. உடம்பு இருக்கிற நிலைமையில் ராத்திரி வைக்க முடியாது, பொழுதடைகிறதுக்கு முன்னால் எடுத்தாக வேண்டும், அதற்குள் வந்துவிடுவாயா என்று கேட்டார். "வாரேன் சித்தப்பா, வந்துருவேன், வச்சிருங்க" என்றேன். அவ்வளவு நேரம் வராத அழுகை அப்போதுதான் வந்தது. அண்ணாச்சி ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனை வாங்கினார். அதுவரை யாருடைய போனையும் அவர் வாங்கிப் பேசியதில்லை.

சித்தப்பா அவரிடமும் அதையே கேட்டிருக்க வேண்டும், பொழுதடைவதற்குள் வருவானா என்று.

"முடியாதுய்யா" என்றார் அண்ணாச்சி. "அவன் வந்து வாசல்ல நிக்கும்போது பொழுது அடைஞ்சிரும். நீங்க எடுத்துருங்க. பையன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. நாலு அம்பது என்றால் பொழுது அடைந்துவிடும்தான். எல்லாரும் அறிந்த விஷயம்.

அன்றைக்கு வானம் சுத்தமாக இருந்தது. எல்லா விமானமும் சொன்ன நேரத்துக்குக் கிளம்பிச் சொன்ன நேரத்துக்கு இறங்கியது. சென்னையிலிருந்து சித்தப்பாவைக் கூப்பிட்டேன். "ரெண்டரைக்கு எடுக்கோம். நீ பதறாம வாப்பா" என்றார். மதுரையில் இறங்கிக் கூப்பிட்டபோது யாரும் எடுக்கவில்லை. காரில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டேன். சாத்தூர் தாண்டும்போது முகத்தில் சூடு பட்டு விழித்தேன். இரண்டு பக்கமும் கரிசல் காட்டில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"மணி என்ன தம்பி?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"நாலு சார்."

நம்பாமல் என் போனையும் எடுத்துப் பார்த்தேன். நாலுதான். கார்த்திகையில் போர்ட் பிளேரில் நாலு மணிக்கு வெயில் மஞ்சளாகிவிடும், ஐந்துக்குத் தெருவிளக்கு எரியும். இங்கே ஆறு மணிவரை வெளிச்சம் இருக்கும். இது எனக்குத் தெரியாததா? ஒவ்வொரு லீவிலும் ஊருக்கு வந்து, என்னடா இங்கே இருட்டவே மாட்டேன் என்கிறது என்று சொல்லிச் சிரித்தவன்தான் நான். எங்கள் தீவு கிழக்கே அவ்வளவு தூரத்தில் கிடக்கிறது, கடிகாரம் மட்டும் இந்த ஊர்க் கடிகாரம். எல்லாம் தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும். காலையில் அந்த வாசலில் நின்றபோது இரண்டு பேருக்கும் தெரியாமல் போய்விட்டது. எங்கள் இரண்டு பேர் தலையிலும் நாலு அம்பது என்றால் இருட்டு என்று ஊறிப்போயிருந்தது. நாலு அம்பது என்று மணியை மட்டும் சொல்லியிருந்தால் சித்தப்பா, வா, வச்சிருக்கோம் என்றிருப்பார்.

வீட்டு வாசலில் இறங்கும்போது நாலு நாற்பது. வாசல் கழுவிவிட்டிருந்தது. தங்கச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் பாதிக்கு வெயில் அடித்தது.

"இதுக்குள்ள இருட்டிருமாண்ணே?" என்று கேட்டாள்.

நான் அந்த இடத்திலேயே விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அதைவிட முட்டாள்தனம் இருக்க முடியாது. அங்கே பொழுது சீக்கிரம் அடைந்துவிடும், அந்த நினைப்பில், என்று ஏதோ சொன்னேன்.

"அங்க ஒரு சூரியன் இங்க ஒரு சூரியனா? வர மனசில்லைன்னு சொல்லு. அஞ்சு மாசமா வராதவன்தான. எடுத்துருங்கன்னு ஆளை வச்சுச் சொல்லிட்டான்னு சித்தப்பா சொல்லுதாரு."

சுடுகாட்டுக்குப் போனேன். சித்தப்பாதான் கொள்ளி வைத்திருந்தார். நெருப்பு நின்று எரிந்துகொண்டிருந்தது. எதிர்வெயிலில் அந்த நெருப்பு சரியாகக் கண்ணுக்குத் தெரியக்கூட இல்லை. அதன்பிறகு முக்கால் மணி நேரத்துக்கு மேல் அங்கே நின்றேன், பொழுது அடையவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை தங்கச்சி என்னிடம் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு போட்டாள். திரும்பி வந்தபின் போன் செய்தால் மாப்பிள்ளைதான் எடுப்பார். வேலையாக இருக்கிறாள் என்பார்.

போர்ட் பிளேர் வந்தும் ஒரு வாரம் அந்தக் கடைப்பக்கமே போகவில்லை. ஆபீஸ் விட்டு வேறு தெரு வழியாகச் சுற்றி வந்தேன். ஒருநாள் அவரே சாலைக்கு வந்து மறித்தார்.

"என்ன மக்கா, மணி சொல்லாமத் திரியுத?"

கடைக்குள் போனோம். நாட்காட்டித் தாளை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவோடு நின்றார்.

"நாலு நாப்பது" என்றேன்.

"நான் நாலு அம்பதுன்னேன். பத்து நிமிசம் முந்திட்ட" என்று எழுதினார். அவர் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை. அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது.

"வாசல்ல இறங்கும்போது வெயில் அடிச்சுது அண்ணாச்சி."

"எப்ப?"

"நாலு நாப்பதுக்கு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. எதிர்க் கடையில் டியூப் லைட் போட்டிருந்தார்கள், ஒரு ஸ்கூட்டர் விளக்கு எரிய வந்து நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றிக் கவுண்டரில் வைத்தார்.

"அங்க ஆறு மணி வரைக்கும்லா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

அவர் உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கஸ்டமருக்குப் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "வீட்டுல என்ன சொன்னாவ?" என்று கேட்டார். எனக்கு இரக்கம் வரவில்லை. தங்கச்சி சொன்னது அத்தனையும் சொன்னேன், ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். நான்தான் எடுக்கச் சொன்னேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், இனிப் பேச மாட்டாள் என்றேன்.

"நீ சொல்லலையே. நான்லா சொன்னேன்."

"அதைச் சொல்லி என்ன ஆவப் போவுது?" என்று எழுந்து வந்துவிட்டேன்.

பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் கடை பூட்டியிருந்தது. மதினியிடம் கேட்டதற்கு, ஊருக்குப் போயிருக்கிறார் என்றார். எந்த வருடமும் போகாத மனுஷன், திடீரென்று என்ன ஊர் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் ஆறவில்லை.

அதற்கு மறு வாரம், ஆபீஸில் இருக்கும்போது மாப்பிள்ளை நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் தங்கச்சி குரல்.

"அண்ணே, உங்க ஊருல இருந்து ஒரு பெரியவரு வந்திருந்தாரு."

"யாரு?"

"பேரு சொல்லல. கையில ஒரு மஞ்சப் பை. உள்ள வாங்கன்னாலும் வர மாட்டேங்காரு, வாசல்லயே நிக்காரு. கப்பல்ல வந்தாராம். மூணு நாளு கப்பலு, அப்புறம் ரயிலு, பஸ்ஸு. பிளேனு பயமாம், ஏறினதே கிடையாதாம்."

ஊருக்கே விமான டிக்கெட் போட்டுக் கொடுத்த மனுஷன் விமானத்தில் ஏறியதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"என்ன சொன்னாரு?"

"'உங்க அண்ணன் சொல்லலம்மா, நான்தான் போனை வாங்கிச் சொன்னேன்'னாரு. அங்க பொழுதடையற நேரத்தை வச்சுச் சொல்லிட்டேன், என் வாயில வந்த தப்பு, அவன் மேல ஒண்ணும் இல்லைன்னாரு. ஒரு போன் போட்டிருக்கலாமேய்யா, இதுக்காகவா இம்புட்டுத் தூரம்னு கேட்டேன். போன்ல சொல்லித்தாம்மா கெடுத்தேன்னாரு. ஒரு வாய் சாப்பிடச் சொன்னேன், வேண்டாம்னு கும்பிட்டுட்டு அடுத்த பஸ்ஸுக்கே போயிட்டாரு. அஞ்சு நிமிசம் நிக்கலைண்ணே."

அந்தக் காலத்தில் தீவுக்குப் பேசினால் குரல் ஒரு நொடி பிந்தித்தான் வரும், அதனால் அவள் சும்மா இருக்கிறாளா, பேசுவது இன்னும் வந்து சேரவில்லையா என்று புரியாமல் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன்.

"அண்ணே."

"சொல்லு தாயி."

"வாரேன், அப்பாவை வச்சிருங்கன்னா நீ சொன்ன? அவரு அப்படித்தான் சொன்னாரு."

"ஆமா" என்றேன். "வாரேன்னுதான் சொன்னேன்."

அப்பா செத்ததற்கு அவள் அன்றைக்குத்தான் என்னிடம் அழுதாள்.